பீடத்துக்கு மேலே ஒரு கோணல் பலகை

ஜெர்மனியின் ஐஃபெல் மலையில் எங்கள் ஊருக்குப் புதுக்கோவில் கட்டக் கட்டடக் கலைஞர் அன்செல்ம் ருட்டன் வந்தபோது எனக்கு அறுபத்தொரு வயது. நான் லாம்பெர்ட் தேலன், தச்சன். ஏழு கோவில்களுக்குக் கூரை ஏற்றியவன். கூரைச் சட்டம் ஏறிய அன்று உச்சியில் ஒரு ஊசியிலைக் கன்றை அறைந்து, மேலே நின்று வாழ்த்துப் பாடி, சாராயத்தைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே போட்டு உடைப்பது தச்சனின் உரிமை. எங்கள் ஊரில் பாதிரியாருக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

ருட்டன் கொண்டுவந்த வரைபடத்தில் கூரைச் சட்டமே இல்லை. கோவில் முழுக்கக் கான்கிரீட். நான் அடிக்க வேண்டியது சென்ட்ரிங் பலகை மட்டும். கான்கிரீட் இறுகியதும் அதையும் பிரித்துவிடுவார்கள். என் கடைசிக் கோவில் விறகாகப் போகிறது. அதற்கு மேல் அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை, அவர் விளக்கியதையும் காதில் வாங்கவில்லை.

மனிதர் நல்லவர்தான், அதுதான் தொல்லை. கோட்டுப் பையில் பிளம்ஸ் கேக்கை வைத்துக்கொண்டு பழைய கோவிலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். முழங்கால் வலிக்காரர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்த்து, புதுக்கோவிலில் அந்தப் படியையே எடுத்துவிட்டார். ஆனால் என்னிடம் வந்து, பலகைகளை இழைக்க வேண்டாம், அறுத்தபடியே அடியுங்கள் என்றார். இழைக்காத பலகையை நான் மாட்டுக்கொட்டகைக்குக்கூட அடித்ததில்லை. தினமும் ஏணி ஏறிவந்து பலகைகளைத் தடவிப் பார்ப்பார். கணு நிறைந்த பலகைகளாகப் பொறுக்கி மேலே அனுப்புவார். கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பீடத்துக்கு நேர் மேலே வந்தபோது கோபம் தலைக்கேறியது. விறகுக்கு எதற்கு ஒழுங்கு என்று ஒரு பலகையை வேண்டுமென்றே கோணலாக அறைந்து, இடைவெளிகளைத் துண்டுக்கட்டைகளால் அடைத்தேன்.

கான்கிரீட் ஊற்றி ஐந்து வாரம் கழித்து, பலகைகளைத் தாங்கிய முட்டுகளைத் தட்டி எடுக்கும் நாள். யாரும் உள்ளே வரவில்லை. ருட்டன் மட்டும் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து கூரைக்குக் கீழே நட்டநடுவில் போட்டு உட்கார்ந்து, கேக்கை எடுத்தார்.

"ஐயா, வெளிய போங்க. விழுந்தா என்ன பண்றது?" என்றேன்.

"விழுந்தா எனக்குத்தான மொதல்ல தெரியணும் மேஸ்திரி. ஆப்பைத் தட்டுங்க."

தட்டினேன். கூரை அசையவில்லை. மாலைக்குள் பலகைகளையும் இறக்கிவிட்டோம். அண்ணாந்து பார்த்தேன். என் பலகைகள் போகவில்லை. ஒவ்வொரு கணுவும், ஒவ்வொரு ரேகையும், ரம்பத்தின் பல் தடமும் கான்கிரீட்டில் பதிந்து, அந்த வளைவு முழுக்க மரமாக நின்றது. புயலில் சாய்ந்து நாங்கள் பலகையாக அறுத்த எங்கள் மேட்டு மரத்தை அடையாளம் கண்டுகொண்டேன். அழுதேன், அதில் என்ன வெட்கம்.

வெட்கம் அடுத்த நொடியில் வந்தது. பீடத்துக்கு நேர் மேலே என் கோணல் பலகை, துண்டுக்கட்டைகளோடு, அப்படியே.

நாளைக்கே கொத்தனாரை வைத்துப் பூசிவிடுகிறேன் என்றேன். ருட்டன் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நீங்க கோவத்துல அடிச்சதுன்னு அன்னிக்கே தெரியும். தொட்டுப் பாத்துட்டுத்தான் விட்டேன்."

"ஏன்யா விட்டீங்க?"

"கோவத்தோட வர்றவனும் இங்க உக்காரணும்ல மேஸ்திரி. அவனுக்குப் பாக்க ஒண்ணு வேணாமா?"

பிறகு என்னைக் கூரைமேல் ஏறச் சொன்னார். உச்சியில் அறைய மரச்சட்டமில்லை. கன்றைக் கையில் பிடித்துக்கொண்டே பாடினேன். கீழே கோப்பை உடைந்தபோது முதலில் கைதட்டியவர் அவர்தான்.

இப்போது ஞாயிறு பூசையில் என் மனைவி ஒடிலியா பீடத்தைப் பார்ப்பதில்லை. மேலே அந்தக் கோணல் பலகையின் தடத்தைப் பார்த்து என் விலாவில் இடிப்பாள். "பாருங்க, நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கறது."

நானும் பார்ப்பேன். எங்கள் வீட்டில் சண்டை நடந்த வாரங்களில் சற்று அதிக நேரம் பார்ப்பேன்.