ஒளித்த போத்தல்

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீவராணியோ தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால், தேயிலைச் செடிகளுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கோழிக்கூட்டில் பார்த்தாயிற்று. கக்கூஸ் கூரைத் தகரத்துக்கு அடியிலும் பார்த்தாயிற்று. புருஷன் விஜேந்திரன் சாராயப் போத்தல் ஒளிக்கும் இடமெல்லாம் இருபது வருஷமாக அவளுக்கு அத்துப்படி. அவன் இப்போது முன்னறையில் சவப்பெட்டிக்குள் கிடந்தான். கடைசிப் போத்தல் கிடைத்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

எட்டு மாதத்துக்கு முன், மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிக் குடியை விட்டான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று லயமே சிரித்தது. ஜீவராணி சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. தினமும் அவன் வேலை விட்டு வந்ததும் "ஊதுங்க" என்பாள். அவனும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து ஊதுவான். வாடை இல்லாத நாளில்தான் சந்தேகம் கூடும், எதை மென்று மறைத்தானோ என்று.

முந்தாநாள் மத்தியானம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சாப்பிட வந்தாள். அவன் வேலைக்குப் போகாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால் தள்ளாடியது, நாக்குக் குழறியது. கிட்டே போனால் அழுகின பழ வாடை. அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"நான் குடிக்கல ராணி. தாகமா இருக்கு."

"சாமிகிட்டயே பொய் சொன்ன வாய்தானே," என்றாள். குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லயத்துக் கோடியில், மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய்ப் பிடித்து வர மனம் வரவில்லை. அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் அவன் பீலியடியில் குப்புறக் கிடந்தான். அரைநாள் முழுக்க ஆட்கள் அவனைத் தாண்டித்தான் தண்ணீர் பிடித்துப் போயிருந்தார்கள். பழைய விஜேந்திரன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

அவனுடைய பழைய கூட்டாளி அழகுமுத்து பந்தலுக்கு வந்ததும், தனியே கூப்பிட்டு யார் ஊற்றிக் கொடுத்தது என்று கேட்டாள். அவன் வாயிலிருந்து காலைச் சரக்கு குப்பென்று அடித்தது.

"நானும் எத்தனையோ தடவ கூப்பிட்டேன் தங்கச்சி. அவன் வரவே இல்ல."

குடிகாரனுக்குக் குடிகாரன் சாட்சி என்று நினைத்துக்கொண்டாள். அவன் அழுததைக்கூட நம்பாமல் மறுபடி பின்பக்கம் போனாள்.

மகன் தர்ஷன் அங்கே வந்தான். கொழும்பில் கடை வேலை அவனுக்கு. காலையில் ஹட்டன் ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதத்தோடு வந்ததிலிருந்து தாயின் முகத்தைப் பார்க்காமலே திரிந்தான். இவனும் எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குப் பட்டிருந்தது.

"தேடாதீங்கம்மா. அறுத்துப் பாத்த டாக்டர் சொன்னாரு, ஒடம்புல சாராயமே இல்லயாம். சீனி வருத்தமாம், ரத்தத்துல சீனி ஏறுற வியாதி. நமக்குத் தெரியாமலே முத்திப் போச்சு. அது கூடினா வாய் அப்படித்தான் வீசுமாம், ஆளும் தள்ளாடுமாம். தாகம் தாங்காதாம். நேரத்தோட கொண்டு போயிருந்தா…"

பார்க்காத இடம் ஒன்று பாக்கி இருந்தது, விறகுக் குவியல். அவள் அதையும் ஒவ்வொரு கட்டையாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இத்தனை நேரமும் புருஷன்மேல் இருந்த கோபம் திரும்பி அவள்மேலேயே விழ, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அவள் அரிசியைத் தொடவில்லை. பீலியில் ஒரு செம்பு பிடித்துவந்து அவன் உதட்டில் ஊற்றினாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது.

"போதும்மா," என்றான் தர்ஷன்.

காலிச் செம்போடு அவள் மறுபடி பீலிக்கு நடந்தாள்.