கைதட்டிய கத்தரிக்காய்ப் பெட்டிகள்

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த அஜின்கோர்ட்டில் வீரக்குட்டியின் மரக்கறிக் கடைக்கு வந்த கத்தரிக்காய்ப் பெட்டிகள் பங்குனி மாதத்திலிருந்து கைதட்டத் தொடங்கின. கடை திறந்து சற்று நேரத்தில் ஒரு பெட்டிக்குள் மெல்லத் தட்டும் சத்தம் எழும். பக்கத்துப் பெட்டி சேர்ந்துகொள்ளும். தகரக் கூரையில் மழை பிடிப்பதுபோல வேகம் கூடி, கடைசியில் எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து ஒரே அறையாக அறைந்து ஓயும். அந்தக் கிழமை கத்தரிக்காய் விலை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "அண்ணை, உது என்ன, உள்ளுக்கு ரேடியோவோ?" என்று கேட்ட யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர், பதிலுக்குக் காத்திராமல் காம்பு பச்சையாக இருந்தவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனார்.

வீரக்குட்டி சந்தேகத்தையே முதலாகப் போட்டுப் பிழைத்தவர். மட்டக்களப்புப் பக்கத்து மாட்டுத் தரகரின் மகன். மாடு சிரித்தாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற குடும்பம். எதிர்க்கடை யசிந்தன் உள்ளே போனை ஒளித்துவைத்திருக்கிறான் என்று முதலில் பெட்டிகளைக் கவிழ்த்தார். பிறகு காசு வாங்கும் நிசாந்தினியை, பிறகு லொறிக்காரனைச் சந்தேகித்தார். கடைசியில் மனைவி கோணேஸ்வரியையே ஒரு மாதிரிப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்க. நான் கைதட்டுற மாதிரி நீங்க என்னத்தச் செஞ்சு கிழிச்சீங்க?" என்றாள் அவள்.

வேறு வழியில்லாமல், ஸ்டீல்ஸ் தெருவுக்கு வடக்கே கத்தரி வளர்க்கும் கிரீன்ஹவுஸுக்குத் தன் சரக்கு வானை விட்டார். அங்கே காய் ஆய்கிறவர்கள் பிலிப்பைன்ஸ் பெண்களும் மெக்சிக்கோ ஆண்களும். ஒரு பகுதியின் பேச்சு மற்றப் பகுதிக்கு விளங்காது. தாங்கள் உள்ளே நிற்கும்போதே பூச்சிமருந்து அடிக்கிறார்கள், இனிமேல் மருந்தடிக்கும் நேரம் உள்ளே வரமாட்டோம் என்பதுதான் அவர்களின் வழக்கு. வேலை முடிந்ததும் வட்டமாக நின்று மெல்லத் தட்டத் தொடங்கி, வேகம் கூட்டி, ஒரே அறையாக அறைந்து முடித்தார்கள். பேர்ணடெற் என்ற பிலிப்பைன்ஸ் பெண், தெரிந்த ஆங்கிலத்தில், தன் தாத்தாவின் தம்பி கலிபோர்னியாத் திராட்சைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த காலத்திலேயே இந்தக் கைதட்டு இருந்தது, பாஷை தெரியாதவனோடு சேர்ந்து நிற்க இது போதும் என்றாள். "ஒருத்தர் விழுந்தா எல்லாரும் விழுவம் எண்டு அர்த்தம்." யார் காசு கொடுத்துத் தட்டவைக்கிறார்கள் என்று யோசித்தபடி வீரக்குட்டி ஒரு மிக்சர் பாக்கெட்டை நீட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிக் காலாவதித் திகதி பார்த்துவிட்டு, திரும்ப அவர் கையிலேயே வைத்தாள்.

கிரீன்ஹவுஸின் சொந்தக்காரரான தோட்டக்காரர், கைதட்டும் பெட்டிகளின் கதை காதில் விழுந்து, அவரைத் தனியாகக் கூப்பிட்டார். பெட்டிகள் உன்னிடம்தானே பேசுகின்றன, கைதட்டைத் தொடங்குகிறவள் யாரென்று கண்டுபிடித்துச் சொல், ஆண்டு முழுக்க முதல்தரச் சரக்கு உனக்குத்தான். சொல்லாவிட்டால் வேறு கடை பார்க்கவேண்டிவரும் என்றார். அந்தத் தோட்டத்தை விட்டால் வீரக்குட்டிக்குக் கடையில்லை. பேர்ணடெற்றின் விசாவும் அந்தத் தோட்டத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் விமானம்தான். இரண்டையும் மூவரும் அறிந்திருந்தார்கள்.

மறுநாள் காலை வீரக்குட்டி தகப்பனின் வித்தையை எடுத்தார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. சால்வையால் மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பெட்டிமேல் சால்வையைப் போட்டு, கையை உள்ளே விட்டு, 'ஆர்?' என்று விரலால் கேட்டார். கத்தரிக்காய்களுக்கு நடுவிலிருந்து ஒரு கை அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசியில் ஐந்தையும் சேர்த்து இறுக்கியது. பிரித்து விற்பதில்லை, மந்தையாகத்தான் தருவோம் என்பது அதன் பொருள். ஏதோ சுத்துமாத்து என்று அடுத்த பெட்டிக்குள் விட்டார். அங்கே வேறு கை, தழும்போடு, அதே பிடி. கடைசிப் பெட்டிவரை பார்த்தார். விலை இதற்குமேல் இறங்காது என்பது தரகனின் மகனுக்கு விளங்கியது.

கையை வெளியே எடுத்தபோது தோட்டக்காரரின் போன் வந்தது. அழைப்பை எடுத்து, போனைக் கல்லாமேசையில் வைத்தார். வீரக்குட்டியின் இரண்டு கைகளும் மெல்லத் தட்டின. பெட்டிகள் பின்னால் சேர்ந்தன. ஓய்ந்ததும், யார் தொடங்கியது என்று போன் கத்தியது.

"நான்தான்," என்றார் வீரக்குட்டி.

கோணேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "விசர் பிடிச்சிட்டுதா மனுசா? கடைய மூடிப்போட்டு என்ன செய்யிற?"

"வேற ஆரையும் காட்ட ஏலாது கா. அவங்க பிரிச்சு விக்கமாட்டாங்க."

சரக்கு நின்றது. வீரக்குட்டி வெங்காயத்தையும் தேங்காயையும் வைத்துக்கொண்டு கோடையை ஓட்டினார்; வானை விற்றார். ஆனால் அவருக்குப் போகவேண்டிய பெட்டிகள் மில்லிக்கன், ரெக்ஸ்டேல் பக்கத்துக் கடைகளுக்குப் போய் அங்கும் தட்டின. அங்கத்தைய கடைக்காரர்களிடமும் தோட்டக்காரர் அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொருவரும் தன் பெயரையே சொன்னார். வேறு கடை மிஞ்சாமல், இலையுதிர் காலத்தில் தோட்டக்காரர் தொழிலாளர் எல்லாரோடும் ஒரே மேசையில் பேச உட்கார்ந்தார். இப்போது ஆட்கள் வெளியேறிய பிறகே மருந்தடிக்கிறார்கள். பேர்ணடெற் இன்னும் அங்கேதான் காய் ஆய்கிறாள். அஜின்கோர்ட்டுக்கும் பெட்டி வருகிறது. தட்டுத் தொடங்கினால் கடைக்குள் நிற்கிறவர்கள் பேரத்தை நிறுத்தி, பைகளைக் கீழே வைத்துவிட்டுத் தாங்களும் தட்டுவார்கள். கடைசித் தட்டு விழுந்ததும், விட்ட விலையிலிருந்து திரும்பத் தொடங்குவார்கள்.