க்வியானித் தாழியில் இரண்டு வாளி

மண்ணில் புதைத்த தாழியின் களிமண் பூச்சைச் சுரண்டிக் கல்மூடியை நகர்த்தி, நீளக் கழியில் கட்டிய சுரைக்குடுவையால் மொண்ட முதல் வாய் ஒயினை லமாரா விழுங்கவில்லை. துப்பினாள்.

"ஜும்பெர்! இங்க வா. இதுல என்னத்த ஊத்துன?"

முற்றத்தில் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்த புருஷன் கையைத் துடைத்தபடி வந்தான். அவன் முகமே பாதியைச் சொல்லிவிட்டது.

"நவம்பர்ல நீ நம்ம பொண்ணு எகா பிரசவத்துக்குத் திபிலிசி போயிட்ட. நுரை அடங்கினதும் தாழியில ஒயின் நாலு விரல் இறங்கிப்போச்சு. காத்து பூந்தா காடியாயிடுமே! ஆத்தோரத் தோட்டத்து ஒயின் ரெண்டு வாளி ஊத்தி மூடினேன். எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தானே?"

குடுவையாலேயே அவன் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது அவளுக்கு. க்வியானி அவள் அப்பா விட்டுப்போன கல்லாங்காட்டுத் தோட்டம். ஜும்பெர் வீட்டில் எந்தத் தோட்டத்துப் பழமும் ஒரே தாழியில்தான் விழும். இதைத் தனியாக வைப்பேன் என்று அவள் நின்றபோது, "திராட்சைக்கே பாஸ்போர்ட் கேக்குறா" என்று ஜும்பெரின் அண்ணனான மூத்த மச்சான் ஒதார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவள் அசையவில்லை. ஈஸ்ட் இல்லை, சர்க்கரை இல்லை, மருந்து இல்லை. பழம், தாழி, அவ்வளவுதான். இந்த வருஷம்தான் அது முதன்முதலாகத் தன் பெயரோடு பாட்டிலுக்குப் போகிறது. 'க்வியானி, ஒரே தோட்டம்' என்று லேபிள்கூட அச்சாகிவிட்டது. அதோடு மத்தியானம் அதை வாங்கத் தம்தா வருகிறாள்.

கோபம் கொஞ்சம் இறங்கியதும் வேறொன்று உறுத்தியது. குறைந்த தாழியை நிரப்பி மூடியதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. நிரப்புவதற்கு க்வியானியிலேயே கொஞ்சம் எடுத்து வைக்காமல் போனது யார்? அவள்தான்.

தலைநகர் திபிலிசியில் ஓட்டல் வைத்திருக்கும் தம்தா வந்தாள், குடித்தாள், கண்ணை மூடித் திறந்தாள்.

"அக்கா, அத்தனையும் எனக்குத்தான்."

ஜும்பெர் தரையைப் பார்த்தான்.

"இதுக்கு அந்த லேபிள் ஒட்ட முடியாது தம்தா. ஆத்தோரத்து ஒயின் ரெண்டு வாளி கலந்திருக்கு."

"ஆயிரம் லிட்டர்ல ரெண்டு வாளியா! யாருக்குக்கா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுதே. ஒரே வாய்ல."

"அந்தப் பேர் இல்லேன்னா எங்க ஓட்டல் ஒயின் பட்டியல்ல இடம் இல்லைக்கா. அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுவேன்."

லமாரா கல்மூடியை இழுத்து மூடினாள். குரல் இறங்கவில்லை. "குடு. இது ஊர்க் கல்யாணத்துக்குப் போகும். ரெண்டே நாள்ல தீந்துடும்."

தம்தா மூலையிலிருந்த இன்னொரு சின்னத் தாழியின் மூடியைக் காட்டினாள். "அது?"

"அதுவும் க்வியானிதான். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நானே நிரப்பி மூடினது. ஆனா புனித கியோர்கிக்கு நேந்துவிட்டது. திருநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"நான் தொடல!" என்றான் ஜும்பெர் அவசரமாக.

"அதை எனக்குக் குடுங்கக்கா. சாமிக்கு இதை ஊத்துங்க."

லமாரா சிரித்துவிட்டாள். "சாமியக்கூட சமாளிச்சுடலாம். எங்க மச்சானுங்களை யாரு சமாளிக்கிறது? திருநாளுக்கு வா. காசு வேணாம், வெறும் வாயோட வா."

அவள் வந்தாள். மே மாத வெயிலில் கோயில் புல்வெளியில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. சின்னத் தாழியின் ஒயின் கிண்ணம் கிண்ணமாகப் போயிற்று. ஒதார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்டல் எதுவும் சொல்லாமல் கிண்ணத்தை மறுபடி நீட்டினார். லமாராவுக்கு அதுவே போதும்.

அப்போது ஜும்பெர் கொம்புக் கோப்பையோடு எழுந்தான். "பெரிய தாழியில ரெண்டு வாளி ஊத்திக் கெடுத்தவன் நான்தான். அதைக் கண்டுபிடிச்ச என் பொண்டாட்டி நாக்குக்காகக் குடிக்கிறேன்!"

"அந்த நாக்குகிட்ட நீ வாங்கின திட்டுக்கும் சேர்த்துக் குடி!" என்றார் ஒதார். எல்லாரும் குடித்தார்கள்.

தம்தா லமாரா பக்கம் சாய்ந்தாள். "பட்டியல்ல அந்த இடத்தை யாருக்கும் குடுக்கலக்கா. ஒரு வருஷம் காலியாவே கெடக்கட்டும்."

அக்டோபரில் பழம் பறித்து மிதித்ததும், லமாரா முதலில் க்வியானிச் சாற்றில் ஒரு பெரிய கண்ணாடிச் சாடி நிறைய எடுத்துத் தனியாகப் பொங்கவிட்டாள். அதைத் தாழிக்குப் பக்கத்திலேயே வைத்துச் சுண்ணக்கட்டியால் 'ஜும்பெருக்கு' என்று எழுதினாள். நவம்பரில் பேரனின் முதல் பிறந்தநாள். அவள் பையைத் தூக்கினாள்.

"நீ இருந்து மூடிட்டுப் போயேன்," என்றான் அவன்.

"நீதான் மூடுற," என்று சொல்லிவிட்டு வேன் ஏறினாள்.

நாலாம் நாள் போன் வந்தது. "நாலு விரல் இறங்கிச்சு. உன் சாடியிலருந்துதான் ஊத்தினேன். தாழி வாய்வரைக்கும் நிறைஞ்சிடுச்சு." பிறகு கேட்டான்: "சாடியில கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதை என்ன பண்றது?"

"குடி," என்றாள் லமாரா.