கப்டன் திரும்பிய வழி

நிறோஷினி மூன்று பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினாள். காகிதச் சத்தம் கேட்டிருக்கும். சர்க்கரை வியாதி கண்களைப் பறித்த பிறகு அப்பாவின் காது கூர்மையாகிவிட்டது.

"அடுத்த நாள் நல்ல வெயிலாம் அப்பா. படகு சுகமா வருதாம்."

கட்டிலில் கிடந்த சிவானந்தன் சிரித்தார். "இந்தக் கப்டனுக்கு ஒருநாளும் மழையே பெய்யாதோ பிள்ளை?"

நூலகத்தில் எடுத்த டேனிஷ் புத்தகம் அது. வெள்ளைக்காரர் குடியேறத் தொடங்கியிருந்த ஒரு தூரதேசத்தில், படகைத் துண்டுதுண்டாகக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக் காடு கடந்து, ஆறு எங்கே போய் முடிகிறதென்று பார்க்கப்போன ஒரு கப்டனின் கதை. டென்மார்க்குக்கு வந்து ஹொல்ஸ்டெப்ரோவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலைசெய்த காலத்தில் அப்பா அதைப் பாதி வாசித்திருந்தார். கப்டன் கடலைக் கண்ட இடத்தோடு இவருக்குக் கண்பார்வை போய்விட்டது. மிச்சத்தை மகள் தமிழில் சொல்லவேண்டுமென்று கேட்டிருந்தார்.

சொல்லலாம்தான். ஆனால் அந்த மிச்சத்தில்தான் எல்லாப் பாடும் இருந்தது. போன ஆற்றிலேயே நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்புப் போடவேண்டும். மாவு தீர்ந்துவிட்டது. உள்ளங்கை உரிந்து, ஆட்கள் துடுப்பைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தார்கள். ஒருவனுக்குப் புத்தி பேதலித்தது. கப்டனுக்கே கண் தெரியாமல் போனது. அம்மா யோகமலர் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "வருத்தமாக் கிடக்கிற மனிசன்ர தலைமாட்டில சாவுக்கதை கதைக்கக் கூடாது. அதுகளை விட்டிட்டுச் சொல்லு." ஆகவே நிறோஷினியின் கப்டன் பசிக்காமல், வியர்க்காமல் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஊர்ச்சனம் எப்பவோ பேர் வைச்ச ஆத்துக்கு அவன் தன்ர நாட்டு மந்திரியின்ர பேரை வைச்சவன், தெரியுமே," என்றார் அப்பா. "திரும்பி வரேக்க அவனுக்குப் பயமா இருந்திருக்காதோ?"

அவர் கப்டனைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று அவளுக்கு விளங்கியது. வாய் மட்டும் வழக்கம்போல் ஓடியது.

"இல்லையப்பா. ஒரு கரைச்சலும் இல்லாமல் வந்திட்டார்."

"ஓம். அப்ப நல்லது."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் மத்தியானம் மூச்சு நின்றது.

வீட்டுக்கு வந்துபோகும் தாதி கத்தரீனா நாடி பார்த்தாள். பிறகு இந்த நாட்டு வழக்கப்படி, போகிற உயிர் வெளியே போகட்டுமென்று யன்னலைத் திறந்துவிட்டாள். குளிர் உள்ளே வந்தது. அம்மா குத்துவிளக்கு எடுக்கச் சாமியறைக்குப் போனாள்.

கத்தரீனாவின் கண் புத்தகத்தில் பட்டது. "நேற்று இதில் கொஞ்சம் வாசித்துக் காட்டினேன்," என்றாள் டேனிஷில். "திரும்பி வரும் பகுதியை. அவர்தான் கேட்டார்."

"என்ன சொன்னார்?"

"அழுதார். தனக்கும் பயமாக இருக்கிறது என்றார். நிறையக் கதைத்தோம்." கத்தரீனா போர்வையைச் சரிசெய்தாள். "உனக்குச் சொல்லவேண்டாம் என்றார். மகள் கதையில் எல்லாரையும் பத்திரமாகக் கூட்டி வருகிறாள், அவள் பாவம் என்றார்."

அந்தப் பயத்தை அவர் முதலில் நிறோஷினியிடம்தான் கொண்டுவந்திருக்கிறார். அவள் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். கடைசியில், தொழிற்சாலையில் பழகிய அரைகுறை டேனிஷில், ஒரு பிறத்தியாளிடம் அதைச் சொல்லிப் போயிருக்கிறார்.

தாதி போனபின், சவப்பெட்டி கொண்டுவருகிறவர்கள் வருமுன், அவள் கட்டிலருகே இருந்து அந்த மூன்று பக்கங்களைப் பிரித்தாள்.

"மா முடிஞ்சு போச்சாம் அப்பா," என்று தொடங்கினாள். "எல்லாருக்கும் கையெல்லாம் புண். ஆனா நிப்பாட்ட ஏலாது. நிப்பாட்டினா ஆறு பின்னுக்குக் கொண்டுபோயிடும்."

வாசலில் அம்மா விளக்கோடு நின்றிருந்தாள். நிறோஷினி சட்டென்று நிறுத்தினாள்.

அம்மா விளக்கைத் தலைமாட்டில் வைத்துக் கொளுத்தினாள். திறந்த யன்னல் காற்றுக்குச் சுடர் சாய, கையால் மறைத்துப் பிடித்தாள். கதிரையைக் காலால் இழுத்து அப்படியே அதில் இருந்தாள்.

"பிறகு?" என்றாள்.