வலமாகப் பார்த்த கண்காட்சி

சைக்கிள் கடை கோதண்டபாணியின் மனைவி கிருஷ்ணவேணிக்கு ஓர் அக்கா உண்டு. தங்கையைவிடப் பதினெட்டு வயது இளையவள். 1972ஆம் வருஷம் ஆடி மாதம் வரை அவர்கள் முறைப்படி மூத்தவளும் இளையவளுமாகத்தான் இருந்தார்கள்.

அக்கா காந்தா 1950இல், கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூச வந்த மயில்வாகனத்தோடு மெட்ராசுக்குப் போய்விட்டாள். அப்பா அன்றே சர்வதீர்த்தக் குளத்தில் இறங்கி அவளைத் தலைமுழுகினார். பிறகு வீட்டில் யாரும் அவள் பெயரை எடுக்கவில்லை. சோறு போட்டானா, அடித்தானா, ஒன்றும் தெரியாது. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். மயில்வாகனம் பேர்பெற்ற ஓவியரானார். அந்த ஆடியில், காந்தாவையே வைத்து அவர் அதுவரை வரைந்த மனித உருவங்கள் அத்தனையையும் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைக்கப்போவதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். அக்கா நன்றாக வாழ்ந்தாளா என்று தெரிந்துகொள்ள இதைவிட்டால் வேறு வழியில்லை என்று கிருஷ்ணவேணி புருஷனையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மெட்ராஸ் ஆட்கள் வாசலுக்கு வலப்பக்கம் முதல் படத்தை மாட்டி, வருஷ வரிசையாக மண்டபத்தைச் சுற்றிக் கொண்டுபோய், இடப்பக்கம் கடைசிப் படத்தில் முடித்திருந்தார்கள். அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். ஊர் ஜனங்களோ செருப்பை வெளியே விட்டார்கள், இடப்பக்கம் திரும்பினார்கள், சன்னதியைச் சுற்றுவதுபோல வலம் வந்தார்கள். அப்பிரதட்சணமாக நடக்க ஒருவருக்கும் கால் எழவில்லை.

"இன்னாம்மா, கன்னத்துல போட்டுக்கற? படம்மா இது, சாமி இல்ல" என்றான் கோதண்டபாணி.

"சும்மா வாய்யா. கை தானா போவுது."

அதனால் கடைசிப் படமே அவர்களுக்கு முதலில் எதிர்ப்பட்டது: ஒரு காலி நாற்காலி, அதன்மேல் மடித்துவைத்த புடவை. கிருஷ்ணவேணி அவசரமாக அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். அதில் காதோரம் நரைத்த காந்தா உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயுமாக வரைந்திருந்ததால் அந்த முகத்தில் இருப்பது சந்தோஷமா சலிப்பா என்று விளங்கவில்லை. உற்றுப் பார்ப்பதற்குள் காந்தா எழுந்து, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, பக்கத்துச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தாள். அங்கே நரை இல்லை. இவள் நடக்க அவளும் நடந்தாள். விட்டுவந்த நாற்காலிகள் காலியாகவே நின்றன. ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின வாரம் வரைந்த படத்துக்கு வந்ததும், பச்சைத் தாவணியில் நின்றவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கினாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

"அக்கா, நல்லா இருந்தியாக்கா? அந்தாளு உன்ன நல்லா வச்சிக்கினாரா?"

"எந்தாளு, வர்ணம் பூசுறவரா? அவரோட நான் எங்க போனேன்?" என்றாள் காந்தா. "நீங்க யாரும்மா? எங்க வேணி மாதிரியே அழுவுறீங்க."

வாசலருகே மேஜை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மயில்வாகனம் காந்தாவை யாரென்றே தெரியாதவராக அவளைத் தாண்டிச் சுவர்களையே பார்த்தார். "இத்தனை காலி நாற்காலி எதுக்கு வரைஞ்சேன்?" என்று கோதண்டபாணியிடம் கேட்டார்.

"கால் வலிக்கும்ல சார், வர்றவங்க உக்காரத்தான்."

மெட்ராஸ் பத்திரிகைகள் அந்த நாற்காலிகளை மிகவும் புகழ்ந்து எழுதின. காந்தா நன்றாக வாழ்ந்தாளா என்பதைச் சொல்ல இப்போது உலகத்தில் ஒருவரும் இல்லை, அவள் உட்பட. கிருஷ்ணவேணி அதை நினைத்துக் குழம்பிக்கொண்டே அன்று மத்தியானம் இலை போட்டாள். காந்தாவுக்கு நல்ல பசி. இரண்டாம் முறை சோறு கேட்டாள். ரசம் போதவில்லை, கிருஷ்ணவேணி ஒரு சொம்பு தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்கவைத்தாள்.