இரண்டு பக்கமும் ஓடும் இன்ஜின்

ஃபிட்டர் கட்டிய இன்ஜினுக்குத் தலையே கிடையாது. ஒரே சிலிண்டர். அதற்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரும் புதிருமாக வந்து, முட்டிக்கொள்ளும் என்று நாம் பயப்படும்போது நடுவில் டீசல் வெடித்து விலகி ஓடும். ஒரு முனையில் காற்று நுழையும், மறுமுனையில் புகை போகும். வால்வு, கேம் என்று ஆயிரத்தெட்டுச் சாமான் இல்லை. ஓர் ஆள் தோளில் தூக்கிப் போகலாம். இதைப் பெற்றெடுத்த பிறகு மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அதிலும் வாய் ஓயாமல் சொன்ன பெருமை ஒன்று உண்டு. அது நேராகவும் ஓடும், எதிர்ப்பக்கமாகவும் ஓடும். படகில் வைத்தால் ரிவர்ஸ் கியரே வேண்டாம் என்பார். பார்க்க வந்த கம்பெனி இன்ஜினியர் பெண், "ஸ்டார்ட் பண்ற கயிற தளர்வா இழுத்தா இது தானாவே எதிர்ப்பக்கம் கிளம்பிடும் சார். அப்போ காத்து உள்ள போற வழியா புகை வெளிய வரும். படகு தவிர வேற எதுக்கு வச்சாலும் எதிர்ப்பக்கம் சுத்தாம ஒரு பூட்டு போட்டுடுங்க," என்றாள். ஃபிட்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதோட அழகே அதுதாம்மா," என்று சொல்லி அவளை வழியனுப்பிவிட்டார். நல்ல பேச்சு காதில் ஏறாத ஜாதகம் அவருக்கு.

தங்கை புருஷன் பெயின்டர். புதுக் கட்டடங்களின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, உட்சுவருக்குப் பூச்சு அடிப்பது அவர் வேலை. அந்த வாடையில் காற்று அனுப்பாமல் நின்றால் ஆள் சுருண்டுவிடுவார். கரண்ட் வராத கட்டடம் ஒன்று வாய்த்தபோது, ஃபிட்டர் தன் இன்ஜினில் மின்விசிறி மாதிரி ஒரு பெரிய இறக்கை விசிறியைப் பெல்ட்டில் பூட்டிக் கொண்டுவந்தார். விசிறியிலிருந்து ஒரு குழாய் தொட்டியின் அடிவரைக்கும் காற்றைக் கொண்டுபோனது. புகைக்குழாய் சுவரைத் தாண்டி வெளியே நீண்டது. இன்ஜின் காற்றிழுக்கும் வாய் மட்டும் தொட்டி வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. காற்று உள்ளே போகிற வாய்தானே என்று யாரும் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே ஒரு ஏற்பாடு. சத்தம் கேட்கிறவரை வேலை. சத்தம் நின்றால் உடனே மேலே.

மத்தியானம் டீசல் தீர்ந்து இன்ஜின் நின்றது. பெயின்டர் ஏணியில் ஏறி மார்பளவு வெளியே வந்தார். சாப்பாடு கொண்டுவந்த தங்கை, அண்ணன் டீசல் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இழுக்கட்டுமாண்ணா?"

"மச்சான், ஜாக்கிரதை. கயிறோட சேர்த்து இன்ஜினையும் வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிடுவா!" என்றார் பெயின்டர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இழுத்ததில் கை பாதியில் தளர்ந்தது. கயிறு வெடுக்கென்று அவள் கையைப் பின்னுக்கு இழுத்தது. இன்ஜின் ஒருமுறை உதறி, பிறகு படபடவென்று ஓடத் தொடங்கியது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, என் தங்கச்சி கை!" என்றார் ஃபிட்டர்.

"ரெண்டு சுவர்தான் பாக்கி. முடிச்சுட்டே சாப்பிடுறேன்," என்று சொல்லிப் பெயின்டர் இறங்கினார்.

அண்ணனும் தங்கையும் தள்ளி நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். விசிறி சுழன்றது. எந்தப் பக்கம் சுழல்கிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் சீராக இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க ஃபிட்டருக்கு மனசு நிறைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சுவருக்கு அப்பால் போனார். புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பது அவர் வழக்கம். வைத்தார். சூடு இல்லை. குழாய் அவர் கையை உள்ளே இழுத்தது.

"மாப்பிள்ளை!" என்று கத்திக்கொண்டு ஓடினார். புகை தொட்டி வாசலில் வந்துகொண்டிருந்தது. இன்ஜினோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் சுழன்ற விசிறியோ தொட்டிக்குள் இருந்த காற்றை உறிஞ்சி வெளியே தள்ள, அந்தப் புகை மொத்தமும் உள்ளே இறங்கியிருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பெயின்டர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், பிரஷ் மடியில் கிடந்தது. இடுப்பில் கயிறு கட்டி, கட்டட ஆட்கள் சேர்ந்து மேலே இழுத்தார்கள். உயிர் போயிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் தங்கை அண்ணனுக்காக வாதாடினாள். "எங்கண்ணன் மேல தப்பில்ல சார். அவரு இறங்கினப்புறம் இன்ஜின் நிக்கவே இல்ல. நானும் அங்கதான் இருந்தேன்."

ஃபிட்டர் வாயைத் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஓடியது என்று சொன்னால், அது யார் கையில் கிளம்பியது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவர் தப்பித்துவிடலாம். அந்த நினைப்பு ஒரு கணம் இனித்தது. அதற்காகத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

போலீஸ்காரர் போனதும் தங்கை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு உரசிய இடம் சிவந்திருந்தது.

"அண்ணா, அது கையை வெடுக்குனு இழுத்துச்சே. நான் சரியா இழுக்கலையா?"

"நீ இழுத்ததுல ஒண்ணும் இல்லம்மா. பூட்டு போட்டிருந்தா குழந்தை இழுத்தாலும் அது ஒரு பக்கம்தான் ஓடியிருக்கும். போடச் சொன்னாங்க. நான்தான் போடல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்ணா போடல?"

ஃபிட்டர் எழுந்து, போலீஸ்காரர் போன திசையில் நடந்தார்.