தேதி போடாத ஆள்

ஸ்கேன் பிரிவின் வரிசைப் பட்டியல் எட்டு வருஷமாக என் கையில். அவசரக் கேஸ் வந்தால் தேதிக் கட்டத்தைக் காலியாக விடுவேன். பழைய டேட்டாபேஸ் காலியைத்தான் எல்லாருக்கும் மேலே தூக்கி வைக்கும். டெக்னீஷியன் மேலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். யாரும் எழுதி வைத்த விதியில்லை; நடந்துகொண்டிருந்தது.

நேற்று புது டேட்டாபேஸுக்கு மாற்றினார்கள். மாற்றிய கம்ப்யூட்டர்காரன் போன வாரமே என் மேஜையில் இரண்டு நாள் குந்தியிருந்தான். "தம்பி, காலியா இருக்கறதுதான் தலைபோற கேஸு, மேலயே இருக்கணும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "காலிதானக்கா, அதுல என்ன இருக்கு?" என்று சிரித்தான்.

இன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு லாரி டிரைவர் தன் அக்காவோடு வந்தார். வண்டி மேலிருந்து விழுந்து பின்மண்டையில் அடி. தேதி போடாமல் பதிந்தேன். கவுண்டரில் கூட்டம் நெரித்தது. பன்னிரண்டரைக்கு நிமிர்ந்தால், அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளில் வேறு யாரோ இருந்தார்கள்.

"அப்படி ஒரு ஆள் என்கிட்ட வரவே இல்லையே" என்றார் டெக்னீஷியன். பட்டியலை உருட்டினேன். கடைசிப் பக்கத்தில், அடுத்த மாதம் முழங்கால் காட்ட வருகிறவர்களுக்கும் கீழே கிடந்தார் டிரைவர்.

கம்ப்யூட்டர்காரனை இழுத்து வந்தேன்.

"காலிக் கட்டத்தை நாங்க 'நல்'னு சொல்லுவோம்க்கா. பழசு அதை முதல்ல வைக்கும், புதுசு கடைசியில தள்ளும். ஆனா ஒரு பேருகூட விடுபடல, எண்ணிட்டேன்."

"கண்ணாடிச் சரக்கை அடியில போட்டு மேல இரும்பை அடுக்கிட்டு, உருப்படி சரியா இருக்குங்கறியா? எங்க கடைத்தெருவுல இப்படிச் சொன்னவன் வண்டியிலிருந்து தானா இறங்க மாட்டான், அடிச்சு இறக்குவாங்க!"

"கோவப்படாதீங்கக்கா. ரெண்டு நிமிஷ வேலை."

"அந்த ரெண்டு நிமிஷம் போன வாரம் எங்கடா போச்சு?"

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். விரல்கள் தட்டின. டிரைவர் பட்டியலின் உச்சிக்கு ஏறினார்.

"பாருங்க, வந்துட்டாரு" என்றான், ஆளையே தோளில் தூக்கி வந்தவன் போல.

"பேரு வந்துருச்சு. ஆளு?" போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் நகர்த்தினேன். "நீயே கூப்பிடு."

ஐந்தாவது மணியில் டிரைவரின் அக்கா எடுத்தாள்.

"நீங்க கூப்பிடவே இல்லையேப்பா. உக்கார முடியலன்னான், வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். இப்பத்தான் அசந்து தூங்கறான், எழுப்ப மனசு வரல. நாளைக்கு வரட்டுமா?"

அவன் என்னைப் பார்த்தான், இந்த விலைக்குக் கொடுக்கலாமா என்று முதலாளியைக் கேட்கிறவன் மாதிரி. போனைப் பிடுங்கினேன்.

"ஆம்புலன்ஸ் அனுப்பறேன். இப்பவே எழுப்புங்கம்மா! எழுப்புங்க!"

அவள் தம்பியைக் கூப்பிடுவது கேட்டது. மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அலறினாள்.